பச்சை டிராக்டரில் இருக்கும் அந்தப் பெயர் யாருடையது? கடனோடு ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு கொல்லரின் கதை!

நம்ம ஊர்ப் பக்கம் வயலோரமா பஸ்ஸில் போகும்போது நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரம், பக்கவாட்டில் துள்ளிக் குதிக்கும் ஒரு மான். ஜான் டீர் டிராக்டர்! நிறைய பேர் இதை ஏதோ ஒரு கம்பெனிப் பெயர்னு மட்டும்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஆனால், அது ஒரு மனிதரோட பெயர். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மனிதர் தன் வாழ்நாளில் டிராக்டர் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்தது 1886-ல். அவர் பெயரில் இருக்கும் நிறுவனம் டிராக்டர் தொழிலுக்குள் பெரிய அளவில் காலெடுத்து வைத்ததோ 1918-ல்.

அப்போ அவர் என்னதான் செய்தார்? கலப்பை செய்தார். குதிரை பூட்டி உழும் கலப்பை. அந்த ஒரு பொருளை ஒழுங்காகச் செய்வதற்கே அவர் பாதி ஆயுளைக் கொடுத்தார். அதற்கு முந்தைய பாதி ஆயுள் எப்படிப் போச்சுன்னு கேட்டால், உங்களுக்கே மனசு கஷ்டமாயிடும். வாங்க, முதலில் இருந்தே பார்ப்போம்.

திரும்பி வராத அப்பா

1804-ம் வருஷம் பிப்ரவரி 7-ம் தேதி, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில், ரட்லாண்ட் என்ற ஊரில் பிறந்தார் ஜான் டீர். அப்பா வில்லியம் ஒரு தையல்காரர். ஜானுக்கு 4 வயசு இருக்கும்போது, சொத்து விஷயமாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார் அப்பா. அதன்பிறகு அவர் திரும்பவே இல்லை. கடலில் போயிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அம்மா சாரா தையல் வேலை செய்தே பிள்ளைகளை வளர்த்தார். அந்தத் தையல் கடையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தடித்த துணியிலும் தோலிலும் ஊசி சுலபமாக இறங்கணும்னு, சின்னப்பையன் ஜான் ஊசிகளை மணலில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவானாம். அது நடந்ததோ, பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொன்னதோ... ஆனால், பளபளப்பான இரும்பு எதையும் ஒட்டவிடாது என்ற அந்த விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

17 வயசில் மிடில்பெரி என்ற ஊரில் ஒரு கொல்லரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். 4 வருஷம் துருத்தி, உலைக்களம், சம்மட்டிதான் வாழ்க்கை. 1825-ல் தொழில் தெரிந்த கொல்லராக வெளியே வந்தார். வைக்கோல் அள்ளும் கவைக்கோல், மண்வெட்டி எல்லாம் அவர் கையில் வழுவழுன்னு வரும். 1827-ல் டெமாரியஸ் லாம்ப் என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். இனி எல்லாம் நல்லபடியாகப் போகும்னுதானே நினைப்பீங்க?

இரண்டு முறை எரிந்த பட்டறை

சொந்தமாகப் பட்டறை போட்டார். தீப்பிடித்து எரிந்துபோனது. மறுபடியும் கட்டினார். மறுபடியும் எரிந்தது. கொல்லன் பட்டறையில் நெருப்பு இல்லாமல் வேலை நடக்காது. அந்த நெருப்பே இரண்டு தடவை அவரைத் தெருவில் நிறுத்தியது. கடன் வாங்கித்தான் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து வெர்மான்ட்டில் தொழிலும் படுத்துவிட்டது. வேலை செய்ய வைத்தவர்களிடமிருந்து காசு வரவில்லை. கடன் கொடுத்தவர்களோ பொறுக்கத் தயாராக இல்லை.

அந்தக் காலத்தில் கடனைக் கட்டாதவர் ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும். 1836-ல் ஜானுக்கு 32 வயசு. வீட்டில் சின்னக் குழந்தைகள். மனைவி மறுபடியும் கர்ப்பம். இந்த நிலைமையில் அவர் எடுத்த முடிவை இன்றைக்கு நினைத்தாலும் சங்கடமாகத்தான் இருக்கும். பட்டறையை மாமனாரிடம் விட்டுவிட்டு, தொழில் கருவிகளையும் கையில் இருந்த கொஞ்சம் பணத்தையும் எடுத்துக்கிட்டு, குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு மேற்கே கிளம்பினார்.

இதைத் தைரியம்னு சொல்லலாம். ஓட்டம்னும் சொல்லலாம். இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

கால்வாய்ப் படகு, ஏரிப் படகு என்று மாறி மாறிப் பயணம் செய்து, அவர் போய்ச் சேர்ந்த இடம் இல்லினாய் மாநிலத்தில், ராக் ஆற்றங்கரையில் இருந்த கிராண்ட் டீட்டூர் என்ற குட்டி ஊர். வெர்மான்ட்டிலிருந்து வந்த லெனார்டு ஆண்ட்ரஸ் என்பவர் உருவாக்கிய ஊர் அது. அங்கே மர அறுவை மில் இருந்தது, கொல்லர் இல்லை. ஜானுக்கு வந்த சில நாள்களிலேயே வேலை குவிந்துவிட்டது. குதிரைக்கு லாடம் அடிக்கணும், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடணும், மில்லில் உடைந்த பாகத்தைச் சரிசெய்யணும். இதோடு கூட, எல்லா விவசாயிகளும் ஒரே ஒரு புலம்பலோடு பட்டறைக்கு வந்தார்கள். மண் ஒட்டுது!

பத்தடிக்கு ஒரு தடவை நிற்கும் குதிரை

மழை பெய்த மறுநாள் நம்ம கரிசல் காட்டில் நடந்திருக்கீங்களா? நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் ஒரு கிலோ மண் ஒட்டிக்கும். குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடியும் நடக்கணும். இல்லினாய் சமவெளி மண்ணும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான வருஷம் ஆளுயரத்துக்குப் புல் வளர்ந்து, மக்கி, மறுபடியும் வளர்ந்து உருவான கறுப்பு மண். வளமோ வளம்! ஆனால், பசை.

முதல் தடவை அந்த நிலத்தைத் திருப்புவதற்கு, பல ஜோடி மாடுகள் பூட்டிய பெரிய கலப்பை வேணும். புல்லின் வேர்ப்பின்னல் அவ்வளவு கெட்டி. அந்த வேர்கள் மக்கிப்போன பிறகு, வருஷா வருஷம் ஜோடிக் குதிரையை வைத்து உழும்போதுதான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கும்.

இங்கே கலப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நம்ம நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும்; புரட்டிப் போடாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த கலப்பை வேறு மாதிரி. முன்னால் கொழு மண்ணைக் கிடைமட்டமாக வெட்டும். அதற்குப் பின்னால் இறக்கை மாதிரி வளைந்த ஒரு பலகை இருக்கும். வெட்டுப்பட்ட மண் அந்த வளைவில் ஏறி, திரும்பி, பக்கத்தில் குப்புற விழும். களை அடியில் போய்விடும், அடிமண் மேலே வந்துவிடும்.

இந்த வேலை நடக்கணும்னா மண் அந்தப் பலகையில் வழுக்கிக்கொண்டு போகணும். கிழக்கு மாநிலங்களின் மணல் கலந்த மண்ணில் அது நன்றாகவே வழுக்கியது. அங்கே வார்ப்பிரும்புக் கலப்பையே போதும். வார்ப்பிரும்பின் மேல்பரப்பு சொரசொரப்பு. கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் வேற. இல்லினாய் மண் அதில் அப்பிக்கொண்டு நகரவே நகராது. கொஞ்ச நேரத்தில் கலப்பை பெரிய மண்ணுருண்டை ஆகிவிடும். குதிரைகள் முக்கி முனகி இழுக்கும். விவசாயி சில அடிக்கு ஒருமுறை நிறுத்தி, கையோடு கொண்டுபோன மரத்துடுப்பால் மண்ணைச் சுரண்டிப் போடணும். மறுபடியும் சில அடி. மறுபடியும் சுரண்டல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஓர் அடி அகலத்துக்குச் சால் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரை உழுது முடிக்க கலப்பைக்குப் பின்னால் 13 கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும். இதில் பத்தடிக்கு ஒருமுறை நின்றால் என்ன ஆகும்? நிலம் வேண்டாம், ஊருக்கே போயிடலாம்னு பல பேர் யோசித்ததில் ஆச்சர்யமே இல்லை.

மூலையில் கிடந்த ரம்பம்

1837. ஆண்ட்ரஸின் மர அறுவை மில்லில், உடைந்துபோன ஒரு ரம்பத் தகடு ஜானின் கண்ணில் பட்டது. இங்கிலாந்து எஃகு. மரத்தை அறுத்து அறுத்துக் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. மற்றவர்களுக்கு அது பழைய இரும்பு. அவருக்கோ மண் ஒட்டாத ஒரு பரப்பு!

அதைப் பட்டறைக்குக் கொண்டு வந்தார். பற்களை வெட்டி நீக்கினார். உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவந்தார். வெட்டும் கொழுவுக்கு எஃகு. புரட்டும் பலகைக்கு நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய தேனிரும்பு. இரண்டும் வழுவழுப்பு. வளைவையும் மண் எங்கேயும் தங்காமல் ஏறி இறங்குகிற மாதிரி அமைத்தார்.

இதில்தான் சூட்சுமம் இருக்கு. மெருகேற்றிய பரப்பில் மண் அழுத்திக்கொண்டு நகரும்போது, அந்த உரசலே பரப்பை மேலும் மெருகேற்றும். அதாவது, உழ உழ கலப்பை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். மரத்துடுப்புக்கு வேலையே இல்லை. குதிரை நிற்க வேண்டியதும் இல்லை.

லூயிஸ் கிராண்டால் என்ற விவசாயிதான் அந்த முதல் கலப்பையை வாங்கியவர் என்கிறார்கள். அடுத்த வருஷம் ஜான் இன்னும் ஒன்றிரண்டு செய்தார். 1838-ல் அவர் செய்த ஒரு கலப்பை இன்றைக்கும் வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிடணும். எஃகுக் கலப்பை செய்த முதல் ஆள் ஜான் டீர் இல்லை. அதே இல்லினாயில் ஜான் லேன் என்ற கொல்லர் 1833-லேயே ரம்பத் தகட்டை வைத்துக் கலப்பை செய்துவிட்டார். ஜான் டீர் தன் முதல் கலப்பைக்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. அப்படியிருந்தும் ஏன் இவர் பெயர் மட்டும் நிலைத்தது? இதற்கான பதில்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஆர்டருக்குக் காத்திருக்காத கொல்லர்

அன்றைக்குக் கொல்லர்கள் எல்லோரும் யாராவது வந்து கேட்டால்தான் பொருள் செய்வார்கள். ஜான் அப்படி இல்லை. முதலில் செய்து வைத்துவிடுவார். பிறகு ஊர் ஊராக எடுத்துப்போய் வயலில் இறக்கிக் காட்டுவார். மண் வழுக்கிக்கொண்டு விழுவதைக் கண்ணால் பார்த்த விவசாயிக்கு வேறு விளம்பரம் எதுக்கு?

1838-ல் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர் கிளம்பும்போது வயிற்றில் இருந்த பிள்ளை சார்லஸ், இப்போது ஒரு வயசு தாண்டிய குழந்தை. அப்பா அன்றைக்குத்தான் அவனை முதல்முறையாகப் பார்க்கிறார். வெர்மான்ட்டிலிருந்து இவ்வளவு தூரம் நான்தான் தூக்கிட்டு வந்தேன், இனி நீங்க கொஞ்சம் வச்சுக்கோங்கன்னு சொல்லி டெமாரியஸ் குழந்தையை அவர் கையில் கொடுத்தாராம். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. கோபமா, அலுப்பா, அன்பா... நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

1843-ல் ஆண்ட்ரஸோடு கூட்டு சேர்ந்து தொழிலைப் பெரிதாக்கினார். உடைந்த ரம்பங்களை நம்பி எத்தனை கலப்பை செய்ய முடியும்? இங்கிலாந்திலிருந்தே எஃகுத் தகடு வரவழைத்தார். கடல் கடந்து, ஆறு வழியாக வந்து சேர வேண்டிய சரக்கு. செலவும் காலமும் கட்டுப்படியாகவில்லை. 1846-ல் பிட்ஸ்பர்க் நகரிலேயே கலப்பைக்கு ஏற்ற எஃகை உருட்டித் தர வைத்தார்.

1848-ல் இன்னொரு துணிச்சல். கிராண்ட் டீட்டூரை விட்டுவிட்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மோலைன் நகருக்குத் தொழிலை மாற்றினார். தொழிற்சாலையை ஓட்ட ஆற்று நீரின் விசை, சரக்கு அனுப்ப ஆற்று வழி, இரண்டும் அங்கே கிடைத்தன. 1849-லேயே வருஷத்துக்கு 2,000-க்கும் மேல் கலப்பைகள் வெளியே போயின. 1850-களின் நடுவில் அது 10,000-ஐத் தாண்டியது.

வாங்குகிறவன் வாங்கித்தானே ஆகணும்?

தொழில் நன்றாகப் போகும்போது எல்லோரும் என்ன செய்வோம்? ஓடுகிற வண்டியில் கை வைக்காதேன்னுதானே சொல்வோம்! ஜான் நேரெதிர். விற்றுக்கொண்டிருக்கும் கலப்பையின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். வளைவில் ஒரு சின்ன மாற்றம், கொழுவின் கோணத்தில் ஒரு திருத்தம், கைப்பிடியின் உயரத்தில் ஒரு மாற்றம். ஒரு மாவட்டத்தின் மண்ணுக்குச் சரியாக வருவது அடுத்த மாவட்டத்துக்குச் சரிவராது என்று அவருக்குத் தெரியும்.

கூட்டாளிகளுக்கு இது எரிச்சல். மாற்றம் செய்தால் செலவு ஆகும், வேலை தாமதமாகும். நாம் செய்வதை வாங்குவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை, எதுக்கு இந்த வீண்வேலை என்பது அவர்கள் கட்சி. ஜானின் பதில் ரொம்ப எளிமையானது. விவசாயிக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை; நாம் திருத்தாவிட்டால் வேறொருவன் திருத்துவான், நம் வாடிக்கையும் அவனிடம் போய்விடும் என்பதுதான் அது. கடைசியில் கூட்டாளிகள் விலகினார்கள். கலப்பை மாறிக்கொண்டே இருந்தது.

ஜான் லேனுக்குக் கிடைக்காத பெயர் இவருக்கு ஏன் கிடைத்தது என்பதற்கு என் பதில் இதுதான். ஒரு நாள் தோன்றிய யோசனை இரண்டு பேருக்கும் பொது. அதன்பிறகு பல வருஷம் அந்த ஒரே பொருளை விடாமல் திருத்தியது இவர்.

உட்கார ஓர் இடம்

எல்லாம் ஏறுமுகம்னு நினைக்காதீங்க. 1857-ல் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி வந்தது. விவசாயிகளிடமிருந்து பாக்கி வரவில்லை. வெர்மான்ட்டில் பட்ட அதே பாடு, இந்த முறை பத்து மடங்கு பெரிசா! மூத்த மகன் இளம் வயதிலேயே இறந்துவிட்டதால், 1858-ல் நிர்வாகம் இரண்டாவது மகன் சார்லஸ் கைக்குப் போனது. வயசு 21. அம்மா தூக்கிக்கொண்டு வந்த அதே குழந்தைதான்! அவர் 1907-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1865-ல் டெமாரியஸ் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய தங்கை லூசினியாவை ஜான் மணந்துகொண்டார். 1868-ல் தொழில் முறைப்படி நிறுவனமானது. மோலைன் என்ற ஊர்ப்பெயரைக் கலப்பைக்கு யார் வைத்துக்கொள்வது என்று அதே ஊரில் இருந்த போட்டி நிறுவனத்தோடு வழக்கும் நடந்தது. மேல் கோர்ட்டில் தோற்றதும் இவர் தரப்புதான். ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொது என்று ஆகிவிட்டது. 1876-ல் துள்ளும் மான் சின்னத்தைப் பதிவு செய்தார்கள். டீர் என்றால் ஆங்கிலத்தில் மான் என்றும் காதில் விழும், இல்லையா?

1875-ல் நிறுவனத்தில் வேலை பார்த்த கில்பின் மூர், சக்கரமும் இருக்கையும் வைத்த கலப்பையை வடிவமைத்தார். ஏக்கருக்கு 13 கிலோமீட்டர் நடந்த மனிதர் இதில் உட்கார்ந்துகொண்டு உழுதார். நடந்து உழுதவர்களுக்கு அந்த இருக்கையின் அருமை தெரியும்.

ஜான் 1873-ல் மோலைன் நகரத்தின் மேயரானார். திறந்துகிடந்த சாக்கடைகளுக்குப் பதில் குழாய் பதித்தது, பூங்காவுக்கு நிலம் வாங்கியது எல்லாம் அவர் காலத்து வேலைகள். கடனுக்குப் பயந்து ஒரு மாநிலத்தை விட்டு ஓடியவர், 1886 மே 17-ல் இன்னொரு மாநிலத்தில் ஊரே மதிக்கும் பெரியவராகக் கண்ணை மூடினார். வயசு 82.

கலப்பை உழுத இன்னொரு பக்கம்

இதோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால், அது முழு உண்மையாக இருக்காது.

அந்த நிலம் யாரும் இல்லாத வெறும் நிலம் அல்ல. ஜான் அங்கு போவதற்கு வெறும் 4 வருஷத்துக்கு முன்பு, 1832-ல், அதே ராக் ஆற்றுப் பகுதியில்தான் சாக் பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக், தம் மக்களின் நிலத்துக்காகக் கடைசியாகப் போராடித் தோற்றார். அவர்கள் துரத்தப்பட்ட பிறகுதான் குடியேறிகளின் கலப்பை இறங்கியது.

புல்வெளிக்கும் அதே கதிதான். இல்லினாயைப் புல்வெளி மாநிலம் என்றே அழைப்பார்கள். ஆனால், அந்தப் பழைய புல்வெளியில் இன்றைக்கு அங்கே ஒரு சதவிகிதம்கூட மிச்சமில்லை. இன்னும் மேற்கே, வறண்ட சமவெளிகளிலும் புல்லைப் புரட்டி உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்தபோது, பிடித்துவைக்க வேர் இல்லாத மண் புழுதிப்புயலாகக் கிளம்பி வானத்தை மறைத்தது. லட்சக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். மண்ணைப் புரட்டாமலே விதைக்கும் முறையை இன்றைக்குப் பல நாட்டு விவசாயிகள் தேடிப் போவதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் ஒரு கொல்லரைப் பொறுப்பாக்க முடியாதுதான். அவர் பார்த்தது கலப்பையில் ஒட்டிய மண்ணை. நூறு வருஷம் கழித்துக் காற்றில் பறக்கப் போகும் மண்ணை அல்ல. ஆனால், நல்ல கருவி கையில் கிடைத்தால் மனுஷன் எங்கே நிறுத்துவது என்று யோசிப்பதில்லை. அதை நாம யோசிக்கலாம்.

அடுத்த தடவை பச்சை டிராக்டரைப் பார்த்தால், மான் சின்னத்தோடு நிறுத்திக்காதீங்க. பின்னால் இறக்கைக் கலப்பை மாட்டியிருந்தால் அதையும் கொஞ்சம் பாருங்க. மற்ற பாகமெல்லாம் பெயின்ட் அடித்து, புழுதி படிந்து இருக்கும். மண் உரசிப் போகும் அந்த வளைவு மட்டும் வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தப் பளபளப்பைத்தான் 1837-ல், பழைய இரும்பாகக் கிடந்த ஒரு ரம்பத்தில், கடன்காரக் கொல்லர் ஒருவர் கண்டுகொண்டார்.